ஆண்டியப்பன் மறைத்த அலைகள்

1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது, மேசை நாற்காலிகளும் கட்டுக்கட்டாய்க் காகிதங்களும் திருச்சிப் பக்கம் வண்டியேறின. கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு தையற்கடையின் உள்ளறையில் தொங்கிக்கொண்டிருந்த பாதரசக் குழாயை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை. காற்றின் அழுத்தத்தை அளக்கிற பாரோமீட்டர் அது. சமஸ்தானத்தில் மழை அளக்கும் வேலை பார்த்த தாய்மாமன் மாட்டிவிட்டுப் போனது. மாமனும் போய், மகாராஜாவும் போன பிறகு, அது மருமகன் ஆண்டியப்பனுக்கு வந்து சேர்ந்தது. நாலு மாதம் கழித்துப் புது சர்க்காரிலிருந்து ஒரு காகிதமும் வந்தது: தினமும் காலை எட்டரை மணிக்குப் பாதரசத்தின் உயரத்தைக் குறித்து, வாரம் ஒரு கார்டு போடவும்.

ஆண்டியப்பனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கல்யாணம் கூடிவரவில்லை. ஊரில் அவருக்கு இருந்த பெரிய பெயர் ஒன்றே ஒன்று: அளவெடுக்காமல் தைப்பவர். டேப் கழுத்தில் தொங்கும். அது மாலை மாதிரி, மரியாதைக்கு. ஆள் கடைக்குள் ஏறும்போதே ஒரு பார்வை பார்த்து, மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்துமூணு என்று சாக்பீஸால் துணியில் எழுதிவிடுவார். சட்டை கச்சிதமாக உட்காரும். "டேப் எதுக்குங்க? கண்ணு எதுக்கு வச்சிருக்கான் ஆண்டவன்?" என்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய்த் தினமும் குழாயைப் பார் என்று சொன்னால் என்ன ஆகும்? முதல் ஆறு மாதம் பார்த்தார். நம் ஊர்ப் பாதரசம் அடைகாக்கிற கோழி. காலை பத்து மணிக்குச் சற்று ஏறும், சாயங்காலம் நாலு மணிக்குச் சற்று இறங்கும், ராத்திரி மறுபடி ஏறும். நேற்று எட்டரைக்கு எங்கே நின்றதோ, இன்றும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். ஆறு மாதத்தில் ஆண்டியப்பன் ஆகாயத்துக்கும் அளவு தெரிந்துகொண்டார். அப்புறம் திங்கட்கிழமை காலையிலேயே ஞாயிறு வரைக்கும் ஏழு நாள் அழுத்தத்தையும் நோட்டில் எழுதிவிடுவார். 29.86 அங்குலம், 29.84, 29.87. ஒரே எண்ணாக எழுத மாட்டார். பொய்யில் கூட நாலு தையல் பிசிறு வேண்டும் என்று தெரிந்த கலைஞர்.

நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாளைக்கு நடக்கப் போவதை இன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவைப்பது நம் தேசத்தில் ஐந்தாண்டுத் திட்டம் வரை நடக்கிற காரியம்தான். ஆனால் ஆண்டியப்பன் விஷயத்தில் இடையில் ஒரு மனிதர் செத்துப்போனார்.

ஐம்பத்திரண்டு கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தூறல். ஆண்டியப்பனின் தங்கை மருதாயி அதே தெருவில்தான் குடியிருந்தாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, இவுக முந்திரிக்கொல்லையில வெட்டிப்போட்ட வெறகக் கட்டிக்கிட்டு வரணும்ங்குறாக. வானம் இப்பிடிக் கெடக்கே. ஒங்க கண்ணாடி என்ன சொல்லுது?"

கடைக்குப் பின்னாலேயே வீடு; வீட்டில் பாரோமீட்டருக்குப் பெயர் கண்ணாடி. கத்தரி போடுகிற பலகையிலிருந்து அந்தக் கண்ணாடி பத்தடி தூரம். ஆண்டியப்பன் யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டு வெட்டிக்கொண்டிருந்தார். கையில் கத்தரி, துணி பாதியில். பக்கத்தில் நோட்டு திறந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 29.86.

"எல்லாம் எப்பவும்போலத்தான் இருக்கு. வெறும் தூத்தல். மாப்பிள்ளைய தைரியமாப் போகச் சொல்லு."

மருதாயி போனாள். பகல் ஒரு மணிக்குக் காற்று எழும்பியது. இரண்டு மணிக்குத் தெருவில் கூரைகள் பறந்தன. மருதாயியின் புருஷன் பிச்சைமுத்துவைச் சாயங்காலம் தூக்கிவந்தார்கள். முந்திரிக்கொல்லை ஓரத்தில் பனை முறிந்து மேலே விழுந்திருந்தது. அன்று இரவு ஆண்டியப்பன் அந்தப் பத்தடியை நடந்தார். பாதரசம் அவர் என்றுமே பார்த்திராத இடத்தில், எப்போதும் நிற்கிற உயரத்துக்கு அரை அங்குலத்துக்கும் கீழே, கிணற்றுத் தண்ணீர் மாதிரி உள்ளே போய்க் கிடந்தது.

நோட்டை அவர் திருத்தவில்லை. கார்டும் அப்படியே போயிற்று. பங்குனியில் பதில் வந்தது: தங்கள் பதிவுகள் ஒழுங்காகவும் சுத்தமாகவும் உள்ளன, பாராட்டுகிறோம். மருதாயி அதற்குள் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டிருந்தாள். கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்துக் காட்டினார். நல்ல வேலைக்காரனுக்கு எங்கேயும் மதிப்புதான் என்றாள்.

அதற்குப் பிறகு ஆண்டியப்பன் தினமும் கண்ணாடியைப் பார்த்தார். எட்டரைக்குப் பார்ப்பார், ஒன்பதுக்குப் பார்ப்பார், சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போய்ப் பார்ப்பார். பாதரசம் பழைய இடத்திலேயே, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். பார்க்க வேண்டிய ஒரு நாள் போய்விட்ட பின் பார்க்கிற பார்வைக்கு அது என்ன பதில் சொல்லும்?

ஐம்பத்தேழில் உலகத்து நாடுகளெல்லாம் சேர்ந்து பூமியையும் ஆகாயத்தையும் அளப்பது என்று முடிவு செய்தன. சண்டை போடுகிற நேரம் போக மிச்ச நேரத்துக்கு ஒரு வேலை வேண்டும் அல்லவா. அந்த உற்சாகத்தில் சென்னையிலிருந்து ஆத்மநாதன் என்கிற இளைஞர், எம்.எஸ்ஸி., மூன்று மரப்பெட்டிகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். கந்தர்வக்கோட்டையை அவர் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கேளுங்கள்: பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்ததில், இந்த ஊர்ப் பதிவுதான் மிகச் சுத்தமாக இருந்ததாம்.

பெட்டிக்குள் காற்றை உறிஞ்சியெடுத்த தகர டப்பி ஒன்று. தவளைத் தொண்டை மாதிரி, வெளியே அழுத்தம் கூடினால் சப்பும், குறைந்தால் உப்பும். அதில் ஒரு நீளக் கை. கையின் நுனியில் ஊதா மை ஊறிய பேனா. கடிகாரச் சாவியால் சுற்றுகிற உருளையில் கோடு போட்ட காகிதம். மனுஷன் தயவில்லாமல் பேனா தானாக எழுதும். தினம் காலையில் காகிதம் மாற்ற வேண்டியது மட்டும்தான் வேலை.

"தானாவா எழுதும்?" என்று ஆண்டியப்பன் மூன்று தடவை கேட்டார்.

"ஆமாங்க. நீங்க பாத்தாலும் எழுதும், பாக்காட்டியும் எழுதும்" என்றார் ஆத்மநாதன். "குளத்துல கல்லப் போட்டா அலை அடிக்குதுல்ல, அதே மாதிரி ஆகாயத்துலயும் அலை உண்டுங்க. கடல் மேல பெரிய இடிமழை எழும்பிச்சின்னா காத்த மேல தூக்கி விட்டுடும். தூக்கின காத்து கனம் தாங்காம எறங்கும். எறங்கற வேகத்துல கொஞ்சம் கூடவே எறங்கிடும். மறுபடி ஏறும். இப்படியே ஏறி எறங்கி, ஏறி எறங்கி, நூறு மைல் எரநூறு மைல் போகும். நம்ம தலைக்கு மேல போறப்ப நமக்கு ஒண்ணும் தெரியாது. பேனாவுக்குத் தெரியும்."

"ஒரு பெட்டி பத்தாதாங்க? எதுக்கு மூணு?"

"ஒரு எடத்துல பேனா ஆடினா, யாரோ கதவைச் சாத்திருக்கலாம். அதே ஆட்டம் மூணு ஊர்லயும் கொஞ்சம் கொஞ்சம் பிந்தி வந்திச்சுன்னா அது அலை. எந்த ஊருக்கு முதல்ல வந்திச்சு, எந்த ஊருக்கு எத்தனை நிமிஷம் பிந்திச்சுன்னு பாத்தா, எங்கிருந்து வருது, என்ன வேகத்துல வருதுன்னு கணக்குப் போட்டுடலாம்."

முதல் பெட்டியை ஆண்டியப்பன் வீட்டுச் சுவரோரம் ஒரு பலகைமேல் வைத்தார்கள். இரண்டாவது பெட்டி ஆவூருக்குப் போயிற்று. அங்கே வாத்தியார் சூசைராஜ் பொறுப்பு. மூன்றாவது சித்தன்னவாசலில், குகைக்குக் காவலிருந்த நாகராசுவின் வீட்டில். மூவருக்கும் ஒவ்வொரு கைக்கடிகாரம். பஞ்சாயத்து ரேடியோவில் செய்திக்கு முன்னால் வருகிற 'பிப் பிப்' ஓசைக்கு அதைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதம் பேனா ஒழுங்காக எழுதியது. காலையில் ஒரு மேடு, மாலையில் ஒரு பள்ளம், இரவில் ஒரு மேடு. பிறகு பிச்சைமுத்துவின் திதி வந்தது.

படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, அண்ணனும் தங்கையும் சாப்பிட உட்கார மணி இரண்டரை ஆகிவிட்டது. காற்றில்லை. வேப்பிலை கூட அசையவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்த ஆண்டியப்பன் பெட்டியைப் பார்த்தார். சரியாக இரண்டு ஐம்பதுக்கு, பள்ளத்தை நோக்கி வழுக்கிக்கொண்டிருந்த கோடு ஒரு முறை எழும்பி இறங்கியிருந்தது. பத்து நிமிஷம் விட்டு இன்னொரு முறை. பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண்ணெதிரில் மூன்றாவது எழும்பியது. யாரும் தொடாமல், மெதுவாக, மூச்சு வாங்குகிற மாதிரி. அப்புறம் நாலாவது, சற்றுச் சின்னதாக. அப்புறம் கோடு தன் வழியே போயிற்று.

பிச்சைமுத்து உயிரோடு இருந்த காலத்தில், இந்த வீட்டுக்குள் வருமுன் வாசலில் நின்று நாலு தடவை கனைப்பார். நாலாவது கனைப்பு எப்போதும் சன்னமாக இருக்கும். இது ஊருக்கே தெரிந்த விஷயம்.

மருதாயியும் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"இது என்னண்ணே, ஒட்டகத்து முதுகாட்டம்?"

"மை சரியில்ல."

மறுநாள் மத்தியானம் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. பிச்சைமுத்து வந்ததும் முதலில் கேட்பது தண்ணீர்தான். ஆண்டியப்பன் அதை ஏன் வைத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே.

கார்த்திகை, மார்கழியில் கடலில் இடிமழைக்குப் பஞ்சமில்லை. வாரம் ஒரு தடவையாவது பேனா எழும்பியது. ஆண்டியப்பன் தன்னால் ஆன சோதனையெல்லாம் செய்தார். ஒரு மத்தியானம் கதவைச் சாத்தி, சன்னல் இடுக்குகளில் வெட்டுத் துணியைத் திணித்து, பெட்டிக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்தார். உள்ளே அவர் மூச்சும் கடிகாரத்தின் டிக்டிக்கும் தவிர ஒன்றுமில்லை. சுவரும் கதவும் துணியும் ஒரு பொருட்டே இல்லாத மாதிரி, பேனா எழும்பி இறங்கியது. சாத்திய கதவுக்குள் வரத் தெரிந்தவனிடம் என்ன பேசுவது? "மாப்பிள்ளை" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து கதவைத் திறந்துவிட்டார்.

அவருடைய பயம் செத்தவரைப் பற்றியது மட்டுமல்ல. இந்தக் காகிதங்கள் சென்னைக்குப் போகும். படித்தவர்கள் பார்ப்பார்கள். ஏன் இவர் வீட்டில் மட்டும் பேனா நடுங்குகிறது என்று கேட்பார்கள். ஒன்றைத் தொட்டு ஒன்றாக, ஐம்பத்திரண்டாம் வருஷத்து நோட்டு வரைக்கும் போவார்கள். கடைசியில் அது மருதாயியின் காதுக்கு வரும். பொய் எழுதியவனுக்கு உலகம் முழுக்கத் தன் நோட்டைத்தான் படிக்கிறது என்று நினைப்பு.

ஆகவே ஆண்டியப்பன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். பேனா எழும்பிய நாளில், புதுக் காகிதம் ஒன்றை எடுத்து, சட்டைக்குக் கழுத்து வளைவு போடுகிற அதே கையால், அதே ஊதா மையில், மேடும் பள்ளமும் மட்டும் உள்ள வழுவழுப்பான கோட்டை வரைந்தார். கண்ணளவுதான். கோடு கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படி எட்டு நாள், எட்டுக் காகிதம். நிஜக் காகிதங்களைக் கொளுத்த அடுப்பு வரை கொண்டுபோனார். செத்தவன் கையெழுத்தைக் கொளுத்த மனம் வரவில்லை. தையல் மிஷின் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

மாசி மாதம் ஆத்மநாதன் மறுபடி வந்தார். கூடவே ஆவூர் வாத்தியார் சூசைராஜ். வாத்தியாருக்கு முகம் சிவந்திருந்தது.

ஆத்மநாதன் தையற்கடைப் பலகையில் காகிதங்களை விரித்தார். "ஆண்டியப்பன், நீங்கதாங்க சாட்சி. இவரும் நாகராசுவும் அனுப்பின காகிதத்துல எட்டு நாள் அலை இருக்கு. சித்தன்னவாசலுக்கு எட்டு நிமிஷம் பிந்தி ஆவூர். அழகா இருக்கு. ஆனா ஒங்க காகிதத்துல ஒரு சுருக்கம் கூட இல்ல. கந்தர்வக்கோட்டையில இல்லாத அலை அந்த ரெண்டு ஊர்ல மட்டும் எப்படி வரும்? ரெண்டு பேரும் பேசிவச்சுக்கிட்டு எனக்கு அலை வரஞ்சு குடுத்திருக்காங்க."

"தம்பி, வார்த்தைய அளந்து பேசுங்க" என்றார் சூசைராஜ். "நான் கோயில்ல முழங்கால் போடுறவன். எனக்கும் நாகராசுக்கும் நடுவுல பன்னெண்டு மைலு. பேசிவைக்க நாங்க என்ன புறாவா விடுறோம்? காகிதத்துல நான் கை வச்சிருந்தா இந்தக் கையில புழு விழட்டும்."

"அப்ப இவர் காகிதம் பொய்யா?"

"அது எனக்குத் தெரியாது. என் காகிதம் நெசம்."

ஆண்டியப்பனுக்கு இந்தச் சண்டையில் பாதி காதில் விழவில்லை. அவர் ஒரு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திதியன்றுள்ள காகிதம், ஆவூரில் எழுதியது. நாலு மேடு. நாலாவது சன்னம்.

"இது எத்தன மணிக்குங்க?"

"சித்தன்னவாசல் மூணு பதினேழு. ஆவூர் மூணு இருபத்தஞ்சு."

இங்கே இரண்டு ஐம்பது. ஆண்டியப்பன் தையற்காரர், கணக்கு அவருக்குச் சட்டென்று வந்தது. கிழக்கே கடல். முதலில் இந்த ஊர், இருபது மைல் மேற்கே சித்தன்னவாசல், இன்னும் ஆறு மைல் மேற்கே, வடக்கே ஒதுங்கி ஆவூர். மணிக்கு நாற்பத்தைந்து மைல். உயிரோடிருந்தபோது பஸ்ஸுக்குப் பயந்து புதுக்கோட்டைக்குக்கூட நடந்தே போன பிச்சைமுத்து, முன்பின் தெரியாத கிறிஸ்தவ வாத்தியார் வீட்டில் போய்க் கனைப்பாரா?

அது காற்று. வெறும் காற்று. மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப்போயிற்று. இறங்கிய இடத்தில் அடுத்தது தெரிந்தது: இந்த வாத்தியாரின் பொய்யில்லாத கையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இழுப்பறையைத் திறக்க வேண்டும். சமையலறைக் கதவோரம் மருதாயி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சூசைராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாரேங்க. பொட்டிய நாளைக்கு ஆள் விட்டு எடுத்துக்கங்க."

"வாத்தியாரே, உக்காருங்க" என்றார் ஆண்டியப்பன். சாவியைத் தேடி எடுத்து, எட்டுக் காகிதங்களையும் பலகையில் வைத்தார். "நெசம் இதுதாங்க. ஒங்ககிட்ட இருக்கறது நான் வரஞ்சது."

ஆத்மநாதன் திட்டவில்லை. காகிதங்களைப் பிடுங்கி, ஸ்கேலை வைத்து, ஏதோ எழுதி, "கிழக்குங்க! சுத்தமா கிழக்கு! கடல்லேருந்துதான்!" என்று கத்தினார். எம்.எஸ்ஸி. படித்தவருக்கு ஆகாயம் கிடைத்த சந்தோஷத்தில் மனுஷன் மறந்துபோனான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்: "அது சரி, எதுக்குங்க மறைச்சீங்க?"

ஆண்டியப்பன் முகத்தைத் திருப்பினார். கதவோரம் பார்த்துச் சொன்னார்.

"மருதாயி, அன்னைக்கு நீ வந்து கேட்டப்ப நான் கண்ணாடியப் பாக்கல. நோட்டுல முன்னாடியே எழுதி வச்சிருந்ததப் பாத்துச் சொன்னேன். எந்திரிச்சுப் போய்ப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பத்தடிதான்."

மருதாயி வெளியே வந்தாள். குரலில் அழுகை இல்லை.

"அவரு போகமாட்டேன்னாருண்ணே. வானம் சரியில்ல, நாளைக்குப் பாப்போம்னாரு. நான்தான் தொரத்துனேன். 'எங்கண்ணன் கண்ணாடி பாத்துச் சொல்லிருக்காரு, ஒங்களுக்கென்ன அதுக்கு மேல தெரியும்'னு பேசித் தொரத்தி விட்டேன். அஞ்சு வருசமா என் நாக்குதான் அவரக் கொன்னுச்சுன்னு கெடக்கேன்." "வந்து வந்து போறாரேன்னு தண்ணியாச்சும் வச்சேன். அதுவும் காத்தாமில்ல."

உள்ளே போய்ச் செம்பை எடுத்துத் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றினாள்.

அலை கிடைத்துவிட்டது. ஆத்மநாதன் அதைப் பற்றி எழுதினார்; மூன்று ஊர்ப் பெயரும் அதில் இருந்ததாகச் சொல்கிறார்கள். சூசைராஜ் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கந்தர்வக்கோட்டைக்கு வந்து ஆண்டியப்பனிடம் சட்டைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். ஆண்டியப்பன் இப்போது டேப் வைத்து அளந்தார், ஒவ்வோர் அளவையும் இரண்டு தடவை. சட்டை முன்னைப்போல் உட்காரவில்லை என்று ஊரில் பேச்சு.

மருதாயி வீட்டை விட்டுப் போகவில்லை. போவதற்கு வேறு வீடு இல்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதைப் பெட்டியிடம் சொன்னாள். "சோறு ஆயிருச்சு, வரச் சொல்லுங்க." "வெளக்கெண்ணெய் தீந்துபோச்சு, சொல்லிருங்க." பெட்டிக்கு மரியாதையாகத்தான் பேசுவாள், புருஷனிடம் பேசுகிற மாதிரி. ஆண்டியப்பனும் பெட்டியிடம் பதில் சொல்லப் பழகிக்கொண்டார்: "வாரேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை." முதல் தடவை அந்த வார்த்தை வாய் தவறி வந்தது. இரண்டாவது தடவை தவறி வரவில்லை.

ஐம்பத்தொன்பதில் சர்க்கார் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பெட்டி இருந்த பலகை மட்டும் சுவரோரம் நின்றது.

அறுபத்திரண்டில் ஒரு நாள் சூசைராஜ் வந்திருந்தபோது, மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து வசதியாக உட்கார்ந்தார். மருதாயி காபி கொண்டுவந்து அவருக்குக் கொடுத்துவிட்டு, வெறும் பலகையைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கு, துணிய எடுக்கலாமான்னு கேளுங்க" என்றாள். ஆண்டியப்பன் எழுந்தார். பத்தடி நடந்து கண்ணாடியைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். திரும்பி வந்து பலகையிடம், "எறங்கியிருக்கு. எடுத்துரச் சொல்லுங்க" என்றார்.

சூசைராஜ் இருவரையும் பார்த்தார். பிறகு, தான் அவர்களுக்கும் பலகைக்கும் நடுவில் உட்கார்ந்து மறைக்கிறோம் என்று தோன்றியவராக, காபித் தம்ளரோடு எழுந்து, முக்காலியை ஒரு முழம் அங்கிட்டு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.